கழன்று வரும் கேபிள்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஹோம் தியேட்டர் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படத்தின் தரத்தைப் பற்றியவை அல்ல. நன்றாக வந்துகொண்டிருந்த படம் ஏன் இடையில் நின்றுபோகிறது என்பதைப் பற்றியவை. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: சுவரிலிருந்து முன்னால் இழுத்துத் திருப்பக்கூடிய தாங்கியில் எங்கள் டிவியை மாட்டியிருக்கிறோம். சோபா இருக்கும் பக்கம் திருப்பும்போதெல்லாம் படம் மறைந்து, சில நொடிகள் கழித்துத் தானாகவே திரும்பி வருகிறது. சில நாட்களில் எச்டிஎம்ஐ கேபிள் முழுவதுமாகக் கழன்று தொங்குகிறது. பழைய கணினித் திரைகளின் கேபிளுக்கு இரு பக்கமும் திருகாணி இருந்ததே, இதற்கு மட்டும் ஏன் இல்லை?

பதில்: 1987இல் வந்த விஜிஏ கேபிளுக்கும், 1999இல் வந்த டிவிஐ கேபிளுக்கும் திருகாணிகள் இருந்தன. அவை மேசைமீது ஒருமுறை இணைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடப்படும் கணினிகளுக்காக உருவானவை. 2002 டிசம்பரில் முதல் வடிவம் வெளியான எச்டிஎம்ஐ, வீட்டுக் கூடத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. டிவிக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலேயே செருகிவிட முடியும் அளவுக்கு அது எளிதாக இருக்கிறது. அந்த எளிமைக்குக் கொடுத்த விலைதான் பூட்டு இல்லாமை. போர்ட்டின் உலோக உறையில் உள்ள சிறிய வில்தகடுகள் பிளக்கை அழுத்திப் பிடிப்பதைத் தவிர, வழக்கமான எச்டிஎம்ஐ இணைப்பில் வேறு பிடிமானம் கிடையாது.

அந்தப் பிடிமானம் அவ்வளவு மோசமானதும் அல்ல. நேராக வெளியே இழுத்தால், குறைந்தது 9.8 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோ எடையின் இழுப்பு இருந்தால்தான் பிளக் கழல வேண்டும் என்பது அதன் வரையறை. ஆனால் தொங்கும் கேபிள் ஒருபோதும் நேராக இழுப்பதில்லை. பிளக்கும் அதைச் சூழ்ந்த கெட்டியான பிடியும் சேர்ந்து நான்கைந்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நெம்புகோலாகிவிடுகின்றன. கேபிளின் எடை அதன் வெளிமுனையைக் கீழே அழுத்த, உள்முனை மேலே நெம்புகிறது. 13.9 மில்லிமீட்டர் அகலமும் 4.45 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட அந்தச் சிறிய உலோக முனைக்குள் 19 பின்கள் இரண்டு வரிசைகளில் நிற்கின்றன. ஒரே வரிசையில் அடுத்தடுத்த பின்களுக்கு இடையே உள்ள தூரம் 1 மில்லிமீட்டர்தான். அங்கே தலைமுடி அளவு சாய்வு வந்தாலும் ஏதோ ஒரு பின் தொடர்பை இழக்கும்.

சில நொடிகள் கழித்துப் படம் திரும்புவதற்கும் காரணம் உண்டு. செட்-டாப் பாக்ஸோ ப்ளூ-ரே பிளேயரோ 18ஆம் பின்னில் 5 வோல்ட் அனுப்புகிறது. டிவி 19ஆம் பின்னின் வழியே ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அறுந்தாலே, கேபிள் பிடுங்கப்பட்டுவிட்டதாகவோ டிவியின் விவரம் மாறிவிட்டதாகவோ அனுப்பும் கருவி எடுத்துக்கொள்கிறது. தொடர்பு மறுபடி கிடைத்ததும், டிவி எந்தெந்த வடிவங்களில் படத்தை ஏற்கும் என்ற விவரப்பட்டியலைப் புதிதாக வாசித்து, நகல் தடுப்புக்கான எச்டிசிபி சோதனையையும் முதலிலிருந்து செய்கிறது. கண் இமைக்கும் நேரத் தடங்கல் சில நொடி இருட்டாக வளர்வது இப்படித்தான்.

ஆகவே உங்கள் வீட்டில் மாற்ற வேண்டியது கேபிளை அல்ல, கேபிளின் எடை யார்மீது விழுகிறது என்பதை. பிளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதல் கட்டு வர வேண்டும். அதைத் தாங்கியில் டிவியோடு சேர்ந்து அசையும் பகுதியில், அதாவது டிவியின் முதுகில் திருகப்பட்டிருக்கும் தகட்டில், போட வேண்டும். கட்டுக்கும் பிளக்குக்கும் இடையே கேபிள் விறைப்பாக இல்லாமல், மெல்லிய வளைவாகத் தளர்ந்து இருக்கட்டும். அடுத்த கட்டு தாங்கியின் கையில். கை மடங்கும் மூட்டில் கட்டாமல், அங்கே ஒரு தளர்வான வளையம் விட வேண்டும். பிறகு டிவியை இடது கோடி, வலது கோடி, முழுவதும் முன்னால், முழுவதும் பின்னால் என நான்கு நிலைகளுக்கும் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் பிளக்கின் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள்; எந்த நிலையிலும் அங்கே கேபிள் இழுபடக் கூடாது. பெரும்பாலும் குறைவது கேபிளின் நீளம்தான். முழுதாக வெளியே இழுத்த நிலையில் அளந்து, அதற்குமேல் அரை மீட்டர் கூடுதலாக வாங்குவது நல்லது.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டையையே பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் டையை இறுக்கி இழுக்கும்போது கேபிளின் உட்புறம் நசுங்குகிறது. உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கப்பட்டிருக்கும் கம்பிகளின் இடைவெளி சீராக இருப்பதை நம்பித்தான் சிக்னல் ஓடுகிறது. கட்டிய பிறகும் கேபிளை அந்தப் பட்டைக்குள் விரலால் உருட்ட முடிந்தால் இறுக்கம் சரி.

கேள்வி: ‘பூட்டும் கேபிள்’ என்று சொன்னதை நம்பி வாங்கினேன். பிளக்கின் தலையில் ஒரு திருகாணி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் என் டிவியில் அதைத் திருக இடமே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை, வேறொரு கருவிக்குரியதை வாங்கிவிட்டீர்கள். போர்ட்டுக்கு மேலே மரையிட்ட ஓட்டை வைத்துத் தயாரிக்கப்படும் கருவிகள் உண்டு. அவை பெரும்பாலும் தொழில்முறைப் பயன்பாட்டுக்கானவை. வீட்டு டிவிகளில் அது அபூர்வம். உங்களுக்குப் பொருந்துபவை வேறு இரண்டு வகைகள். ஒன்று, பிளக்கின் உலோக உறையில் சிறு புடைப்புகளோ வில்களோ வைத்து இறுக்கத்தைக் கூட்டியது. இதற்கு டிவியில் எந்த ஏற்பாடும் தேவையில்லை. மற்றொன்று, உள்ளே போனதும் சிறு பற்கள் போர்ட்டின் உறையைக் கவ்விக்கொள்ள, ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டுமே விடுவது. இரண்டாவது வகையைப் பயன்படுத்தும் வீட்டில், பொத்தான் இருக்கும் செய்தியை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்; தெரியாமல் பலமாக இழுப்பவர் கேபிளோடு போர்ட்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்.

இந்த இடத்தில் பலர் ஒப்புக்கொள்ளாத ஒரு கருத்து எனக்கு உண்டு. பூட்டு எல்லா இடத்துக்கும் நல்லதல்ல. விளையாட்டுக் கன்சோலின் கேபிள் தரையோடு போகிறது, குழந்தைகள் அதைத் தாண்டி ஓடுகிறார்கள் என்றால், கால் தடுக்கும்போது அந்தக் கேபிள் கழன்று வருவதே நல்லது; கழலாவிட்டால் கன்சோல் அலமாரியிலிருந்து கீழே வரும். கூரையில் தொங்கும் ப்ரொஜெக்டர், அசையும் தாங்கியில் உள்ள டிவி, கை எட்டாத இடம் ஆகியவற்றுக்குப் பூட்டு வையுங்கள். ஒரு வாசகர், சூடான பசையை ஊற்றி ஒட்டிவிடலாமா என்று தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம். பசை உள்ளே வழிந்து பின்களை மூடினால், கழலாத கேபிள் கிடைக்கும்; படம் கிடைக்காது.

கேள்வி: திரையில் அவ்வப்போது வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன, சில நேரம் முழுவதும் கறுத்துப்போகிறது. கேபிள் தளர்வா, கேபிளே பழுதா, அல்லது டிவியில் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழுது பார்க்க வந்தவர் டிவியின் போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்.

பதில்: போர்டை மாற்றுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தைச் செலவிடுங்கள்.

புள்ளி மின்னுவதும் திரை கறுப்பதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக இருக்கலாம், இரண்டு தனி நோய்களாகவும் இருக்கலாம். புள்ளிகள், சிக்னல் வந்து சேர்கிறது, ஆனால் களைத்துப்போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்கின்றன. டிவி சில பிட்டுகளைத் தவறாக வாசிக்கிறது, ஒவ்வொரு தவறும் ஒரு புள்ளி. எச்டிஎம்ஐ 2.0 வரையிலான முறையில் படத் தரவுக்குப் பிழைதிருத்தம் இல்லாததால் தவறுகள் அப்படியே கண்ணுக்குத் தெரிகின்றன. 2017இல் வெளியான 2.1இன் புதிய முறையில் பிழைதிருத்தம் உண்டு. அதனால் அங்கே நலிந்த கேபிள் புள்ளிகளைக் காட்டி எச்சரிக்காமல், ஒரு கட்டத்துக்குமேல் திடீரென்று கறுத்துவிடும்.

முதல் சோதனை இது. அனுப்பும் கருவியின் அமைப்பில் படத்தை 4கே-யிலிருந்து 1080பி-க்குக் குறைத்து, வழக்கம்போல் இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். நொடிக்கு 60 பிரேம் 1080பி படத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 4.5 கிகாபிட் தரவு போதும். அதே வேகத்தில் 4கே படத்துக்கு, நிறத்தில் எதையும் சுருக்காமல் அனுப்பினால், 17.8 கிகாபிட் வேண்டும். நான்கு மடங்கு சுமை. குறைந்த சுமையில் எந்தத் தொல்லையும் இல்லை, கூட்டியதும் புள்ளிகள் வருகின்றன என்றால், தளர்வைத் தேடி அலைய வேண்டாம். அந்தக் கேபிளின் தரமோ நீளமோ அந்தச் சுமைக்குப் போதவில்லை. குறைந்த சுமையிலும் திரை கறுக்கிறது என்றால், அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள்.

அடுத்ததற்கு இருவர் தேவை. ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் டிவிக்குப் பின்னால் பிளக்கை ஒரே ஒரு விரலால், கோழிக்குஞ்சைத் தொடுவதுபோல் மெதுவாக, மேலே சிறிது தூக்க வேண்டும். தூக்கியதும் படம் நிலைத்து, விட்டதும் கறுத்தால், அது எடை செய்யும் வேலை. முதல் கேள்விக்குச் சொன்ன மருந்தே இதற்கும். பிளக்கைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் பிளக்குக்குப் பின்னால் கேபிள் வளையும் இடத்தை அசைத்தால் படம் விட்டுவிட்டு வருகிறது என்றால், உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. அந்தக் கேபிளைக் கட்டிக் காப்பாற்ற முடியாது. இந்த இரண்டையும் அனுப்பும் கருவியின் பக்கத்திலும் செய்யுங்கள். எல்லோரும் டிவியின் பின்னாலேயே தேடுவார்கள். அலமாரியை நகர்த்தும்போது சுவரோடு மோதி நசுங்கும் முனை மறுபக்கத்தில் இருக்கும்.

இதிலும் பிடிபடாவிட்டால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: அதே கேபிளை டிவியின் வேறு போர்ட்டில், பிறகு அதே போர்ட்டில் வேறு கேபிள், பிறகு அதே கேபிளில் வேறு கருவி. இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது. எல்லாக் கேபிளும் எல்லாக் கருவியும் ஒரே ஒரு போர்ட்டில் மட்டும் தடுமாறினால், பழுது பார்க்க வந்தவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

புதிய கேபிள் வாங்குவதாக முடிவானால், அட்டைப்பெட்டியில் ‘2.1 கேபிள்’ என்று எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். அந்த எண்கள் கருவிகளுக்குரியவை. கேபிளுக்கு வகைப்பெயர்தான் கணக்கு. ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்ற சான்றுள்ளது 18 கிகாபிட் வரையும், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்ற சான்றுள்ளது 48 கிகாபிட் வரையும் தாங்கும். சான்று முத்திரையைக் கைபேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம்.

கேள்வி: டிவிக்கும் சுவருக்கும் இடையே மூன்று விரல் இடைவெளிதான் இருக்கிறது. எல் வடிவ இணைப்பான் போட்டால் சிக்னல் குறையுமா?

பதில்: நல்லதாக வாங்கினால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு இராது. ஏற்கெனவே நீளமான கேபிள் எல்லையில் தள்ளாடிக்கொண்டிருந்தால் மட்டும், கூடுதலாக வரும் ஒரு மூட்டு அதைத் தள்ளிவிடலாம். அதனால் தனி இணைப்பானைவிட, முனையே எல் வடிவில் வார்க்கப்பட்ட கேபிள் மேல். மூட்டு ஒன்று குறைகிறது, நெம்புகோலின் நீளமும் குறைகிறது.

கடைக்குப் போகுமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல் வடிவத்தில் 90 பாகை, 270 பாகை என்று இரண்டு உண்டு. ஒன்று கேபிளைக் கீழ்நோக்கித் திருப்பினால் மற்றது மேல்நோக்கித் திருப்பும். எச்டிஎம்ஐ பிளக்கில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஓரங்கள் சரிந்து குறுகலாகவும் இருக்கும். டிவியின் போர்ட்டில் அந்த அகலப் பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்துப் போர்ட்டை மறைத்துவிடாமலும் பார்க்க வேண்டும். பழைய கேபிளையே அந்த மூன்று விரல் இடைவெளிக்குள் மடக்கித் திணிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. சுவர் நாள் முழுவதும் பிளக்கை அழுத்திக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ப்ரொஜெக்டருக்காக 12 மீட்டர் கேபிளைக் கூரை வழியாகக் கொண்டுசெல்ல வேண்டும். சுவருக்குள் பதித்துவிட்டால் பிறகு அசையாது, கழலாது அல்லவா? அப்படியே பூசிவிடலாமா?

பதில்: கேபிளைப் பூசிவிடாதீர்கள், குழாயைப் பூசுங்கள், கேபிள் அதற்குள் போய்வரட்டும். கேபிளுக்கு ஆயுள் உண்டு, தரநிலைக்கு அதைவிடக் குறைந்த ஆயுள். 2009இல் 1.4, 2013இல் 2.0, 2017இல் 2.1 என்று படிகள் மாறிய வேகத்தைப் பார்த்தால், இன்று சுவருக்குள் போகும் கேபிள் என்றாவது ஒருநாள் வெளியே வந்தே தீரும். எச்டிஎம்ஐ பிளக்கின் பிடி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம் இருப்பதால், மெல்லிய மின்கம்பிக் குழாய் போதாது. 40 மில்லிமீட்டர் குழாயும், திருப்பங்களில் கூர்மையான முழங்கைக்குப் பதிலாக நீண்ட வளைவும் வையுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள். முதல் கேபிளை இழுக்கும்போது அந்தக் கயிறோடு இன்னொரு கயிற்றையும் சேர்த்து இழுத்துவிட்டால், அடுத்தவருக்கு வழி தயாராக இருக்கும்.

12 மீட்டர் என்பது சாதாரண செம்புக் கேபிளுக்கு அதிகம். 48 கிகாபிட் தாங்கும் செம்புக் கேபிள்கள் பெரும்பாலும் 3 மீட்டரில், மிஞ்சினால் 5 மீட்டரில் நின்றுவிடுகின்றன. உங்களுக்கு ஏற்றது ஒளியிழைக் கேபிள். அதன் இரு முனைகளிலும் மின்சிக்னலை ஒளியாகவும் ஒளியை மீண்டும் மின்சிக்னலாகவும் மாற்றும் சிறு சில்லுகள் இருப்பதால், அதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை அனுப்பும் கருவிக்கு, ‘டிஸ்ப்ளே’ என்று எழுதிய முனை ப்ரொஜெக்டருக்கு. நான் முதன்முதலில் ஒளியிழைக் கேபிள் பதித்தபோது, குழாய்க்குள் முழுவதும் இழுத்து, இரண்டு முனைகளையும் அழகாகக் கட்டி, ப்ரொஜெக்டரை மாட்டி, ஏணியை மடக்கிவைத்த பிறகுதான் கூரையில் இருக்கும் முனையில் ‘சோர்ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அந்த எழுத்து ஒரு அரிசியின் அளவுகூட இல்லை. அன்றிலிருந்து, குழாய்க்குள் விடுமுன் இரு முனைகளிலும் வண்ண நாடா ஒட்டுகிறேன். தரையில் வைத்தே கருவிகளை இணைத்துப் படம் வருகிறதா என்றும் பார்த்துவிடுகிறேன்.

இழுக்கும்போது பிளக்கைப் பிடித்து இழுக்காமல், கேபிளின் உடலில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். கண்ணாடி இழையாதலால், உற்பத்தியாளர் குறிப்பிட்டுள்ள வளைவு அளவுக்குக் கீழே மடக்கவே கூடாது. ப்ரொஜெக்டர் பக்கம் கேபிளை அதன் தாங்கிக் கம்பியில் கட்டுங்கள். ப்ரொஜெக்டரின் மின்விசிறி அதிர்வு இரவு பகலாகச் செய்யும் வேலையை யாரும் கவனிப்பதில்லை. ஒளியிழைக் கேபிளின் முனை கனமானது, நீளமானது; தாங்கலில்லாமல் தொங்கவிட்டால் செம்புக் கேபிளைவிடச் சீக்கிரம் சரியும்.

கேள்வி: தங்கமுலாம் பூசிய பிளக் தேவையா?

பதில்: தங்கம் கறுக்காது, துருப்பிடிக்காது, அதனால் ஈரப்பதமான இடத்தில் தொடர்பு நீண்டகாலம் சுத்தமாக இருக்கும். அது படத்தைத் துல்லியமாக்கும் என்பது விற்பனைப் பேச்சு.

கேள்வி: படம் நன்றாக வருகிறது, ஆனால் சவுண்ட்பாரில் ஒலி மட்டும் நின்று நின்று வருகிறது. படம் வருவதால் கேபிள் சரியாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. செட்-டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் படம் ஒரு கேபிளில் வருகிறது. டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி இன்னொரு கேபிளில் போகிறது. முதல் கேபிள் சரியாக இருப்பது இரண்டாவதைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரே கேபிளாக இருந்தாலும்கூட, படம் போகும் பின்கள் வேறு, ஏஆர்சி என்ற திரும்பும் ஒலிக்குரிய பின் வேறு. ஏஆர்சி ஒலி 14ஆம் பின்னில் போகிறது. அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி என்றால் 14ஆவதும் 19ஆவதும் சேர்ந்து. ரிமோட்டில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டளைகள் 13ஆம் பின்னில். இந்த ஓரத்துப் பின்கள் மட்டும் சாய்ந்து தொடர்பை இழந்தால், படம் பளிச்சென்று இருக்க, ஒலி மட்டும் தடுமாறும்.

இரண்டு முனைகளையும் கழற்றி முழுவதும் உள்ளே போகும்வரை செருகுங்கள். டிவி பக்கத்தில் அது ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று எழுதிய போர்ட்தானா என்று பாருங்கள், மற்றவற்றில் ஒலி திரும்பாது. டிவியின் அமைப்பில் சிஇசி என்ற கட்டுப்பாட்டு வசதியை அணைத்து வைத்திருந்தால் இயக்குங்கள். பல டிவிகளில் அது இல்லாமல் ஏஆர்சி வேலை செய்யாது. சவுண்ட்பார் டிவிக்குக் கீழே சுவரிலேயே மாட்டப்பட்டிருந்தால், இரண்டுக்கும் இடையிலான குட்டைக் கேபிள் வில்லின் நாண்போல் விறைத்து நிற்கும். அதை மாற்றி அரை மீட்டர் கூடுதல் நீளமுள்ளதைப் போடுங்கள்.

கேள்வி: டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைக் கழற்றிச் செருகினேன். சிறு பொறி வந்தது. அதிலிருந்து அந்தப் போர்ட் வேலை செய்யவில்லை. எச்டிஎம்ஐ-யை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்கிறார்களே?

பதில்: இந்தக் கேள்வியை அட்டையிலேயே போட வேண்டும் என்று நினைக்கிறேன். மின்சாரம் இருக்கும்போதே கழற்றிச் செருகலாம் என்றுதான் எச்டிஎம்ஐ வடிவமைக்கப்பட்டது, அது பொய்யில்லை. ஆனால் அந்த வாக்குறுதி, இரண்டு கருவிகளின் உலோக உடல்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்போது பொருந்தும். இரண்டு முனை மட்டுமுள்ள, எர்த் இல்லாத பவர் பிளக் கொண்ட கருவிகளில், உள்ளேயிருக்கும் இரைச்சல்வடிகட்டியின் கசிவால் உடல் ஒரு மிதக்கும் மின்னழுத்தத்தில் நிற்கிறது. புறங்கையால் உரசினால் சுருக்கென்று ஒரு நமைச்சல் தெரியுமே, அதுதான். மின்னோட்டம் மிகச் சிறியது, மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் பிளக்கைச் சாய்வாகச் செருகி, உலோக உறை தொடுமுன் ஒரு சிக்னல் பின் முதலில் தொட்டுவிட்டால், அந்த வேறுபாடு முழுவதும் மெல்லிய சில்லின் வழியாக இறங்குகிறது.

ஆகவே கேபிளைத் தொடும் முன் இரண்டு கருவிகளையும் ரிமோட்டால் அல்ல, சுவர் சுவிட்சில் அணைத்து, முடிந்தால் பவர் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து இயக்குங்கள். பொருந்தவில்லை என்பதற்காக எர்த் முனையை ஒடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். கேபிள் டிவியின் கோஆக்சியல் கம்பியோ டிஷ் ஆன்டெனாவின் கம்பியோ வீட்டுக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். மின்னலின் அதிர்வு அந்தக் கம்பி வழியே செட்-டாப் பாக்ஸுக்குள் நுழைந்து, எச்டிஎம்ஐ வழியே டிவிக்குப் போகும். சுவர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களின் போர்ட் கருகுவது இந்தப் பின்வாசலால். இடி முழங்கத் தொடங்குமுன்பே அந்தக் கம்பியையும் கழற்றி வையுங்கள். தொடங்கிய பிறகு அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: கேபிளை மாற்றியும், கட்டியும் பார்த்துவிட்டேன். டிவியின் போர்ட்டே ஆடுகிறது. அதைச் சரிசெய்ய முடியுமா, தூசு காரணமாக இருக்குமா?

பதில்: ஆடுவது எது என்று முதலில் விளக்கை அடித்துப் பாருங்கள். பிளக் மட்டும் போர்ட்டுக்குள் ஆடினால், வில்தகடுகள் தளர்ந்திருக்கின்றன. புடைப்புகள் வைத்து இறுக்கத்தைக் கூட்டிய கேபிள் இதற்குப் பெரும்பாலும் போதும். போர்ட்டின் உலோகப் பெட்டியே டிவியின் உடலோடு சேராமல் தனியாக அசைந்தால், சர்க்கியூட் போர்டில் அதன் ஈயப்பற்று விட்டிருக்கிறது. அதைத் திரும்பப் பற்றவைக்க முடியும். ஆனால் 19 நுண்ணிய கால்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பற்றவைப்பது, உருப்பெருக்கியும் பழகிய கையும் உள்ளவரின் வேலை. டிவியைத் திறக்கும் யோசனை வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

தூசு காரணமாக இருக்கலாம், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். பயன்படுத்தாத போர்ட்டில் வலைகட்டும் சிலந்தியை ஊதுகாற்றால் விரட்டலாம். பச்சை படிந்த பிளக்கை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த, பஞ்சிழை பிரியாத துணியால் துடைத்து, முழுவதும் உலரவிட்டுச் செருகலாம். போர்ட்டுக்குள் குண்டூசி, பல்குத்தி எதையும் விடாதீர்கள். துரு நீக்கும் எண்ணெயைத் தெளிக்காதீர்கள், அது ஒட்டிக்கொண்டு அடுத்த தூசியை அழைத்துவரும்.

பழுது பார்க்கும் வரை, அந்தப் போர்ட்டை ஓய்வில் விட்டுவிட்டு மற்றொன்றுக்கு மாறுங்கள். டிவியில் ஒரே ஒரு நல்ல போர்ட்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், அது ஏஆர்சி போர்ட்டாக இருந்தால், எல்லாக் கருவிகளையும் ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவரிலோ எச்டிஎம்ஐ உள்ளீடு கொண்ட சவுண்ட்பாரிலோ செருகி, அங்கிருந்து டிவிக்கு ஒரே ஒரு கேபிளைக் கொண்டுபோகலாம். அந்த ஒரு போர்ட்டில் ஒரு சாண் நீளமுள்ள, வளையக்கூடிய நீட்டிப்புக் கேபிளைச் செருகி, டிவியின் முதுகிலேயே வெல்க்ரோவால் கட்டிவிடுங்கள். இனிமேல் கழற்றுவதும் செருகுவதும் நீட்டிப்பின் முனையில் நடக்கட்டும். அது தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.